மஞ்சள் பாதியாக மறைய 20 நொடி: அரை கிராம் தங்கமும் கோழித் தீவன மெத்தியோனினும்

ஒரு சாயந்திரம் அடுத்தடுத்து ஐந்து ஓட்டம், அதாவது ஒரே சோதனையை ஐந்து தடவை, ஓட்டினேன். தங்கக் கரைசலின் மஞ்சள் பாதியாகக் குறைய 20, 21, 20, 19, 20 நொடி. ஆனியில் ஆரம்பித்த வேலை, இப்போது புரட்டாசி. ஒரே கரைசல் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பச் சொன்னது அதுதான் முதல் தடவை. நோட்டில் அடித்தல் திருத்தலோடு கிடப்பதை மறப்பதற்குள் வரிசையாக எழுதி வைத்துவிடுகிறேன், எங்கெங்கே வழி தவறினேன் என்பதையும் சேர்த்து.

வேலை இதுதான். கந்தக அணுவின் இரண்டு பக்கமும் கார்பன் ஒட்டியிருக்கிற சேர்மத்தைச் சல்பைடு அல்லது தயோஈதர் என்போம். அந்தக் கந்தகத்தின் மேல் ஒரே ஒரு ஆக்சிஜனை ஏற்றினால் சல்பாக்சைடு. ராஜதிராவகத்தில் (ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக் அமிலக் கலவை) கரைத்த தங்கம், அதாவது குளோரோஆரிக் அமிலத்தில் இருக்கிற, மூன்று எலக்ட்ரானை இழந்த மூன்றாம் நிலைத் தங்கம், இதைச் செய்யும். செய்யும்போது தானே ஒன்றாம் நிலைக்கு இறங்கிவிடும், மஞ்சள் நிறம் போய்விடும். இறங்கிய தங்கத்தை வேறு எதாவது மறுபடி மேலே தூக்கிவிட்டால் அதே தங்கம் அடுத்த மூலக்கூறையும் கவனிக்கும், அப்போதுதான் அது வினையூக்கி. அட்லாண்டாவில் உள்ள எமரி பல்கலைக்கழகத்தில் கிரெய்க் ஹில் குழுவினர் இதைச் சாதாரண அறை வெப்பத்தில், வெறும் காற்றை வைத்தே செய்து காட்டி 2001-இல் வெளியிட்டார்கள். குளோரோஆரிக் அமிலத்தோடு சில்வர் நைட்ரேட் சேர்த்த கலவை அவர்களுடையது. கடுகு வாயு என்கிற போர் நச்சுக்குப் பதிலாக ஆய்வகங்களில் பயன்படுத்துகிற ஒரு சல்பைடை அதில் போட்டுப் பார்த்தார்கள். என்னைப் பிடித்து இழுத்தது அதில் ஒரு விஷயம்: மொத்தச் சுழற்சியிலும் மெதுவான படி, தங்கம் சல்பைடை ஆக்சிஜனேற்றம் செய்கிற படிதான், தங்கத்தைக் காற்று மீட்பது அதைவிட வேகமாக நடந்துவிடுகிறது. அந்த மெதுவான படியில்தான் மஞ்சள் மறைகிறது. அப்படியென்றால் வேகத்தைத் தீர்மானிக்கிற இடத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம், கடிகாரம் வைத்து அளக்கலாம்.

அதே 2001-இல்தான் பக்கத்துக் கோலார் தங்கவயலை மூடினார்கள். என் தாத்தா அங்கே சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சின்ன வயதில் அங்கே போனபோது தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டிய கழிவான சயனைடு மேட்டைக் காட்டி, தங்கம் அப்படியெல்லாம் சுலபத்தில் கரையாதுடா என்று சொல்வார். தங்கம் கரைவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசை அப்போதே விழுந்ததுதான்.

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன், வீடு காவேரிப்பட்டணத்தில். வினைவேகம் என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு மெத்தில் அசிடேட்டை அமிலத்தில் போட்டுப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பியூரெட்டைத் திறப்பதுதான். ஒரு வினை நடப்பதைக் கண்ணெதிரே பார்த்து, அந்த நொடிகளை எண்ணி, அதிலிருந்து ஒரு வரைபடம் போட்டால் அவர்களுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று ரொம்ப நாளாக மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் சல்பைடு. ஆய்வக சல்பைடுகள் பெரும்பாலும் தாங்க முடியாத நாற்றம், விலையும் அதிகம். மெத்தியோனின் அமினோ அமிலம்தான், ஆனாலும் அதன் வால்பகுதியில் அசல் தயோஈதர் இருக்கிறது, தண்ணீரில் கரையும், ஆபத்து இல்லை. குளோரோஆரிக் அமிலம் மெத்தியோனினைச் சல்பாக்சைடாக மாற்றுவதை இத்தாலிய வேதியியலாளர்கள் 1976-லேயே பதிவு செய்திருக்கிறார்கள். கோழித் தீவனத்தில் கலப்பதும் இதே மெத்தியோனின்தான். தீவனக் கடையில் போய்க் கேட்டேன்.

"எத்தனை கோழிங்க வச்சிருக்கீங்க?"

"கோழி இல்லைங்க, காலேஜுக்கு."

அவர் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, மூட்டையிலிருந்து கால் கிலோ நிறுத்துக் கொடுத்தார், 120 ரூபாய். பையைப் பிரித்தால் வெந்த முட்டைக்கோஸ் வாடை. தீவனத் தரத்தை அப்படியே நம்ப முடியாது என்று 20 கிராமை 200 மில்லி கொதிக்கிற பேட்டரி வாட்டரில் கரைத்து, சூட்டோடு வடிகட்டி, ராத்திரி முழுக்க ஆறவிட்டேன். காலையில் மெல்லிய பளபளப்பான தகடுகளாகப் படிந்திருந்தது. உலர்த்தி நிறுத்தால் 13 கிராம். மீதி தண்ணீரோடு போனது, அதற்காக வருத்தப்பட ஒன்றும் இல்லை. ஆழ்துளைத் தண்ணீர் பக்கமே போகவில்லை. கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்துத் தண்ணீரிலும் ஃபுளூரைடு உண்டு என்பது ஊரறிந்த கதை, அதற்காகத்தான் ஒகேனக்கல் குடிநீரே வந்தது. இந்த வேலையில் நான் பயந்தது ஃபுளூரைடுக்கு அல்ல, தண்ணீரில் கரைந்திருக்கிற குளோரைடுக்கு. ஏன் என்பது கீழே வரும்.

அடுத்தது தங்கம். இதில்தான் முதல் தப்பு. வீட்டில் மரை தேய்ந்துபோன ஒரு தோட்டுத் திருகாணி கிடந்தது, 300 மில்லிகிராம். அதையே கரைத்துவிடலாம் என்று இறங்கினேன். 22 காரட், நூற்றுக்கு 91.6 தங்கம், மீதி செம்பும் வெள்ளியும். கரைந்ததும் அடியில் வெள்ளையாகத் தயிர் மாதிரி ஒன்று படிந்தது, அது சில்வர் குளோரைடு. மேலே இருந்த கரைசல் சுத்த மஞ்சளாக இல்லாமல் பச்சை கலந்து இருந்தது, அது செம்பு. வெள்ளியை வடிகட்டலாம், செம்பை என்ன செய்வது? அமிலக் குளோரைடில் செம்பும் நான் அளக்கப்போகிற ஊதா ஒளியைக் கொஞ்சம் விழுங்கும். மஞ்சள் முழுக்கப் போன பிறகும் அளவுமானி பூஜ்யத்துக்கு வராது. அந்தக் கரைசலை மூடி ஓரமாக வைத்துவிட்டேன்.

தருமபுரியில் தெரிந்த பத்தர் ஒருவரிடம் 24 காரட்டில் அரை கிராம் வாங்கினேன், அன்றைய விலைக்கு 4,900 ரூபாய். காகிதம் மாதிரி மெல்லிய தகடாக அடித்துத் தரச் சொன்னேன், தகடு மெல்லியதாக இருந்தால் சீக்கிரம் கரையும். ஆடிக் காற்று அடிக்கிற நாளாகப் பார்த்து மொட்டை மாடியில், காற்று என் முதுகுப் பக்கமிருந்து வருகிற மாதிரி நின்றுகொண்டு, கண்ணாடியும் கையுறையும் போட்டு, 6 மில்லி அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 2 மில்லி அடர் நைட்ரிக். தகட்டைப் போட்டதும் ஓரங்களில் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பியது. சட்டியில் இருந்த சுடுதண்ணீரில் குடுவையை வைத்ததும் வேகம் பிடித்து, பழுப்புப் புகை எழுந்து காற்றோடு போனது. தகட்டின் நடுவில் முதலில் ஒரு ஓட்டை விழுந்தது, பிறகு ஓரம் ஓரமாக அரித்து, கடைசியில் ஒரு கண்ணிமை அளவுக்கு மிதந்துகொண்டிருந்த துண்டும் இல்லாமல் போனது. நல்ல பழுத்த எலுமிச்சைத் தோலின் நிறம். தாத்தா பார்த்திருக்க வேண்டும். இதை வீட்டுக்குள்ளே செய்யவே கூடாது. மாடிக் கைப்பிடியின் இரும்புக் கம்பி, குடுவைக்கு நாலு அடி தள்ளி இருந்தும், ஒரு வாரத்தில் அந்தப் பக்கம் மட்டும் துருப்பிடித்தது.

நைட்ரிக் அமிலத்தை விரட்ட, கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் சேர்த்துப் பாகு பதத்துக்குச் சுண்டவைத்து, மறுபடி சேர்த்து மறுபடி சுண்டவைக்க வேண்டும், மூன்று தடவையாவது. உலரவிடக் கூடாது, சூட்டில் சிதைந்துவிடும். சோம்பலில் பாதித் தங்கத்துக்கு ஒரு தடவையோடு நிறுத்திவிட்டேன், மறுபாதியை ஒழுங்காக மூன்று தடவை சுண்டவைத்தேன். இரண்டையும் தனித்தனியாக 125 மில்லி ஆக்கினேன். இரண்டிலும் தங்கம் 10 மில்லிமோலார், அதாவது லிட்டருக்கு ஒரு மோலில் நூறில் ஒரு பங்கு. இந்தச் சோம்பல் பிறகு ஒரு மாதத்தைத் தின்றது.

இனி அளவுமானிப் பெட்டி. கரைசல் வழியாக ஒளியைப் பாய்ச்சி, அது எவ்வளவு ஒளியை விழுங்குகிறது (உறிஞ்சல்) என்று அளக்கிற பெட்டி இது. கல்லூரியில் இருக்கிற நிறமானியில் பொத்தானை அழுத்தி, முள் நிற்கும்வரை காத்திருந்து எழுத வேண்டும், நொடிக் கணக்குக்கு அது ஆகாது. குளோரோஆரிக் அமிலம் ஒளியை அதிகமாக உறிஞ்சுவது 313 நானோமீட்டர் பக்கம், அது புற ஊதா, சாதாரணக் கண்ணாடியைத் தாண்டுவதே சிரமம். ஆனால் அதன் வால் 400-ஐத் தாண்டியும் நீள்கிறது, நம் கண்ணுக்கு அது மஞ்சளாகத் தெரிவதே அதனால்தான். ஆகவே 405 நானோமீட்டர் ஊதா எல்இடி ஒன்று, 220 ஓம் மின்தடை, 5 வோல்ட். எதிரில் ஒளியை மின்னோட்டமாக மாற்றுகிற பிபிடபிள்யூ 34 போட்டோடையோடு. மாட்டிய பிறகுதான் அதன் தகவல் தாளைப் பார்த்தேன். 430-க்குக் கீழே அது கிட்டத்தட்டக் குருடு.

வேறு டையோடு வாங்க மனமில்லாமல் யோசித்ததில் மஞ்சள் தூள் ஞாபகம் வந்தது. ஊதா விளக்கில் மஞ்சள் தூள் பச்சையாக ஒளிரும், அந்தப் பச்சை டையோடுக்கு நன்றாகவே தெரியும். ஒரு சிட்டிகை மஞ்சளைச் சாராயத்தில் கரைத்து வடிதாளில் தடவி, காயவைத்து, டையோடின் முகத்தில் ஒட்டினேன். அபாரமாக வேலை செய்தது, ஒரு மணி நேரம். அதன் பிறகு வெறும் தண்ணீர் வைத்தாலே அளவு மெல்ல மெல்லச் சரிந்தது. முதலில் எல்இடி சூடாகிறது என்று நினைத்து ஒரு சின்ன விசிறி வைத்தேன், பிறகு மின்சாரம் ஏறி இறங்குகிறது என்று பேட்டரிக்கு மாறினேன். நாலு நாள் போனது. ஐந்தாம் நாள் தாளை உரித்துப் பார்த்தால், எல்இடி விழுந்த இடத்தில் ஒரு சுண்டைக்காய் அளவுக்கு வெள்ளை வட்டம். மஞ்சளில் இருக்கிற குர்குமின் வெளிச்சத்தில் வெளுத்துவிடும், மஞ்சள் பூசிய துணியை வெயிலில் காயப்போட்டால் நடப்பது இதேதானே. பையனின் மஞ்சள் ஹைலைட்டர் பேனாவை வாங்கி வேறு தாளில் இரண்டு பூச்சு பூசினேன். இரண்டு மாதமாக அதே தாள், பெரிய மாற்றம் இல்லை.

டையோடின் மின்னோட்டத்தைப் பெருக்க ஓர் எல்எம் 358, எண்ணாக மாற்ற ஏடிஎஸ் 1115 பலகை, அதைப் படிக்க ஆர்டுயினோ என்கிற சின்னக் கணினிப் பலகை, நொடிக்கு 10 அளவு. எல்லாம் ஒரு கறுப்பு பிவிசி பெட்டிக்குள். எல்இடியை 10 நிமிடம் எரியவிட்ட பிறகே தொடங்க வேண்டும்.

முதல் ஓட்டங்கள் 1 சென்டிமீட்டர் குவெட்டில், அதாவது ஒளி அளக்கிற சின்னச் சதுரக் குழாயில். 2.5 மில்லிமோலார் தங்கம், அதைப்போல் பத்து மடங்கு மெத்தியோனின். ஊசிக்குழலால் பீய்ச்சி மூடியை மூடுவதற்குள் மஞ்சள் போயே போய்விட்டது. திரும்பத் திரும்ப அதேதான். பெட்டியைப் பனிக்கட்டியில் வைத்துப் பார்த்தேன், குவெட்டின் வெளிப்பக்கம் வியர்த்து ஒளியை மறைத்தது. வேகத்தைக் குறைக்க இரண்டையும் நீர்க்கச் செய்ய வேண்டும், ஆனால் தங்கத்தை நீர்த்தால் நிறம் தெரியாது. ஒளி போகிற பாதையை நீட்டுவதுதான் வழி. 4 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு சதுரக் கண்ணாடி ஜாடி, 40 ரூபாய், பாத்திரக் கடையில். இப்போது தங்கம் 0.5 மில்லிமோலார் போதும், தொடக்க உறிஞ்சல் 0.38 கிடைத்தது. ஓட்டத்துக்கு 50 மில்லி, அதில் தங்கம் 5 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு, ரூபாயில் 48. கையில் இருந்ததில் நூறு ஓட்டம் போகலாம்.

கலக்குவதற்குப் பழைய கணினி விசிறியின் மேல் ஸ்பீக்கர் காந்தம் ஒட்டினேன். உள்ளே சுழல்வதற்கு, ஆணித் துண்டைப் பேனா ரீஃபில் குழாயில் போட்டு இரண்டு முனையையும் தீயில் உருக்கி அடைத்தேன். ஒரு முனை சரியாக அடையவில்லை. மூன்றாம் ஓட்டத்தில் தங்கம் அந்த ஆணியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது, மெத்தியோனின் சேர்ப்பதற்கு முன்பே மஞ்சள் குறையத் தொடங்கியது. 120 ரூபாய் கொடுத்து டெஃப்லான் உறை போட்ட சுழலி வாங்கினேன். முதல் நாளே வாங்கியிருக்க வேண்டியது.

இதற்குப் பிறகு வந்த ஆவணி மாதம் முழுக்க ஒரே குழப்பம். 5 மில்லிமோலார் மெத்தியோனின் வைத்து, உறிஞ்சல் பாதியாக எவ்வளவு நேரம் என்று அளந்தேன். ஒரு நாள் 8 நொடி, மறுநாள் 13, அதற்கடுத்து 6, பிறகு 11. மெத்தியோனினைப் புதிதாக நிறுத்தேன், பெட்டியைப் பிரித்து மறுபடி மாட்டினேன், வெப்பநிலையை 28 டிகிரிக்குப் பக்கத்திலேயே வைத்தேன். காலையில் நீர்த்த தங்கத்தைக் காலையிலேயே போட்டால் ஓர் எண், அதையே சாயந்திரம் போட்டால் வேறு எண். என்னோடு உதவிக்கு இருந்த எம்எஸ்சி மாணவி நோட்டைப் பார்த்துவிட்டு, "சார், இதுல எந்த பாட்டில்னு எழுதவே இல்லையே" என்றாள். சோம்பலில் ஒரே தடவை சுண்டவைத்த பாட்டில், மூன்று தடவை சுண்டவைத்த பாட்டில் இரண்டையும் ஒன்றுதானே என்று மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டிலும் தங்கம் ஒன்றுதான். மிச்சமிருந்த அமிலம்தான் வேறு.

இருந்தாலும் முடிச்சு அவிழ்ந்தது ஒரு கைத்தவறில். ஜாடியை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் அலசிவிட்டு, தண்ணீரில் கழுவாமல் அடியில் கொஞ்சம் அமிலம் இருக்கும்போதே அடுத்த ஓட்டத்தை ஊற்றிவிட்டேன். 19 நொடி! திரையில் கோடு மெதுவாக, வழுக்கி இறங்குகிற மாதிரி வந்தது, அவ்வளவு அழகான வளைவை அதுவரை நான் பார்த்ததில்லை. குளோரைடு கூடினால் வினை மெதுவாகிறது. யோசித்தால் நியாயம்தான். மெத்தியோனினின் கந்தகம் தங்கத்தோடு ஒட்ட வேண்டுமானால் அங்கே உட்கார்ந்திருக்கிற நாலு குளோரைடில் ஒன்று எழுந்து இடம் விட வேண்டும். வெளியே குளோரைடு நிறைய இருந்தால் எழுந்தது உடனே திரும்பி வந்து உட்கார்ந்துவிடும். அதோடு இன்னொன்று: குளோரைடும் அமிலமும் இல்லாத வெறும் தண்ணீரில் தங்கத்தை நீர்த்து வைத்தால், நேரம் போகப் போகத் தண்ணீரே உள்ளே புகுந்து குளோரைடை வெளியேற்றும், கரைசல் வெளிறும். காலை எண்ணும் சாயந்திர எண்ணும் வேறாக இருந்தது அதனால்தான். வேகத்தைத் தங்கமோ மெத்தியோனினோ தீர்மானிக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், என் எண்களை ஒரு மாதம் ஆட்டிப் படைத்தது நான் எழுதிக்கூட வைக்காத குளோரைடு.

அன்றிலிருந்து எல்லா ஓட்டத்திலும் 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் 0.4 மோலார் சோடியம் குளோரைடும் போட்டுவிடுகிறேன், 50 மில்லிக்கு உப்பு 1.17 கிராம். பாட்டிலில் மிச்சமிருக்கிற அமிலம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஆய்வக உப்பாக இருக்க வேண்டும். சமையல் உப்பில் சேர்க்கிற அயோடினை இதற்குள் விட எனக்குத் துணிவில்லை. இந்த அளவுகளில், 10 மில்லிமோலார் மெத்தியோனினுக்கு, எந்தப் பாட்டிலிலிருந்து எடுத்தாலும் 20 நொடி. உப்பே போடாமல் அமிலம் மட்டும் என்றால் 7 நொடி, மொத்தக் குளோரைடை 1 மோலார் ஆக்கினால் 38.

பிறகு மெத்தியோனினை மாற்றிப் பார்த்தேன். 5 மில்லிமோலாருக்கு 62 நொடி, 10-க்கு 20. இரண்டு மடங்கு போட்டால் இரண்டு மடங்கு வேகம் என்று எதிர்பார்த்திருந்தேன், மூன்று மடங்கு வந்தது. 20 மில்லிமோலார் போட்டால் 6 நொடியோ 7 நொடியோ, கையால் ஊற்றிக் கலக்குகிற நேரமே 2 நொடி ஆகிவிடுவதால் அதை நம்பிக் கணக்குப் போட மாட்டேன். இரண்டு மடங்குக்கு மேல் ஏறுவதைப் பார்த்தால் ஒரு மெத்தியோனின் போதவில்லை என்று தெரிகிறது: ஒன்று தங்கத்தில் ஒட்டிக்கொள்ள, இன்னொன்று வெளியிலிருந்து வந்து தாக்குகிறது. எமரி குழுவும் அவர்களுடைய கரைப்பானில், அவர்களுடைய சல்பைடுக்கு, தயோஈதர் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் தங்கத்தின் ஹாலைடை (குளோரைடு போன்றது) இரண்டாவது தயோஈதர் வந்து தாக்குவதுதான் மெதுவான படி என்று முடிவு செய்திருந்தார்கள். 40 ரூபாய் ஜாடியில் அதன் சாயலைப் பார்த்த அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

இன்னொரு சின்ன விஷயம். ஒவ்வொரு ஓட்டத்திலும் முதல் நாலைந்து புள்ளிகள் இறங்குவதற்குப் பதிலாக லேசாக ஏறும். குமிழி என்று நினைத்து அவற்றை அழித்துக்கொண்டிருந்தேன். அடர்த்தியான கரைசலில் சோதனைக்குழாயில் கலந்து வெள்ளைத் தாளுக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், மஞ்சள் ஒரு கணம் ஆரஞ்சுப் பக்கம் அடர்ந்து, அப்புறம்தான் வெளிறுகிறது. முதல் மெத்தியோனின் தங்கத்தில் ஒட்டுகிற தருணம் அது என்று எடுத்துக்கொள்கிறேன். இப்போது அந்தப் புள்ளிகளை அழிப்பதில்லை, வரைபடத்தில் இருக்கின்றன. உறிஞ்சல் பாதியாகும் நேரத்தை மட்டும் உச்சியிலிருந்து கணக்கிடுகிறேன்.

நிறம் போனால் மட்டும் போதுமா, சல்பாக்சைடு வந்ததா என்று பார்க்க வேண்டுமே. தங்கத்துக்கு இரண்டு மடங்கு மெத்தியோனின் மட்டும் போட்ட ஒரு குழாயிலிருந்து ஒரு சொட்டு, பக்கத்தில் வெறும் மெத்தியோனின் ஒரு சொட்டு, கலவையிலுள்ள பொருள்களைத் தனித்தனிப் புள்ளியாகப் பிரிக்கிற மெல்லடுக்குத் தகட்டில் வைத்து, பியூட்டனால், அசிட்டிக் அமிலம், தண்ணீர் 4:1:1 கலவையில் ஓடவிட்டேன். அமினோ அமிலத்தை ஊதாவாகக் காட்டுகிற நின்ஹைட்ரின் தெளித்துச் சூடாக்கியதும் மெத்தியோனின் மேலே ஊதாப் புள்ளியாக நின்றது. வினைக் கரைசலில் அதே உயரத்தில் ஒரு புள்ளி, அதற்கு நன்றாகக் கீழே இன்னொரு ஊதாப் புள்ளி. ஆக்சிஜன் ஏறினால் மூலக்கூறு தண்ணீரோடு அதிகம் ஒட்டும், தகட்டில் அதிகம் ஏறாது. கீழ்ப்புள்ளி சல்பாக்சைடு.

அடுத்து, சுழற்சியை மூட முயன்றேன், அதாவது தங்கத்தை உண்மையான வினையூக்கியாக்க. இதில் தோற்றேன். மீன் தொட்டிப் பம்பை வைத்து நிறமிழந்த கரைசலுக்குள் ராத்திரி முழுக்கக் காற்று ஊதினேன். மஞ்சள் திரும்பவில்லை. மறுநாள் சாயந்திரத்துக்குள் கரைசல் ரோஜா கலந்த ஊதாவாகி, ஜாடியின் அடியில் மெல்லிய படலம் படிந்தது. ஒன்றாம் நிலையையும் தாண்டி இறங்கி உலோகத் தங்கமாகவே பிரிந்துவிட்டது, அந்த ஊதா நுண்துகள் தங்கத்தின் நிறம். எமரி ஆய்விலும் சல்பைடு அதிகமாகவும் ஆக்சிஜன் இல்லாமலும் இருந்தால் வினையூக்கி இப்படித்தான் செத்துப்போகிறது. ஆனால் அவர்களிடம் கரைப்பான் அசிட்டோநைட்ரைல், தங்கத்தில் ஒரு குளோரைடின் இடத்தில் நைட்ரேட். நான் வைத்ததோ முழுக்கத் தண்ணீர், போதாததற்கு அரை மோலார் குளோரைடு. சல்பாக்சைடில் ஏறுகிற ஆக்சிஜன் தண்ணீரிலிருந்துதான் வருகிறது என்று கன ஆக்சிஜன் கலந்த தண்ணீரை வைத்து அவர்களே நிரூபித்திருக்கிறார்கள், அதே தண்ணீர் கூடினால் வினை மந்தமாகிறது என்பதும் அவர்கள் கண்டதுதான். அளப்பதற்கு வசதியாக வேகத்தைக் குறைக்க நான் சேர்த்ததெல்லாம் தங்கத்தை மீட்பதற்கு இடைஞ்சலாகியிருக்கலாம்.

மருந்துக் கடை ஹைட்ரஜன் பெராக்சைடையும் போட்டேன். மெத்தியோனின் முழுக்க மாறியது, தகட்டில் மேல்புள்ளியே இல்லை. ஒரு கணம் ஜெயித்த மாதிரி இருந்தது. தங்கமே போடாத குழாயை அப்புறம் பார்த்தால் அதிலும் மேல்புள்ளி இல்லை. அமிலத்தில் பெராக்சைடு தானாகவே மெத்தியோனினை மாற்றிவிடும், தங்கத்துக்கு அதில் பெருமை சேர்க்க முடியாது. தங்கம் இல்லாத குழாயை முதலில் ஓட்டியிருந்தால் இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

செலவு: பெட்டிக்குள் இருக்கிற மின்னணுச் சாமான் எல்லாம் சேர்த்து 860 ரூபாய், ஜாடி 40, சுழலி 120, மெத்தியோனின் 120. அமிலங்கள் கல்லூரியுடையவை. தங்கம் 4,900, அது செலவு இல்லை, திரும்ப வரும் என்று வீட்டில் சொல்லித்தான் வாங்கினேன்.

அடுத்த தடவை செய்தால் முதலில் சோடியம் குளோரைடு அளவை நிர்ணயித்துவிட்டு மற்றதைத் தொடுவேன். தங்கத்தை மொத்தமாக ஒரே பாட்டிலாக, மூன்று தடவை சுண்டவைத்துத்தான் எடுப்பேன். ஜாடியில் கையால் ஊற்றுவதற்குப் பதிலாக இரண்டு ஊசிக்குழலை ஒரே பலகையில் பிணைத்து ஒன்றாக அழுத்துகிற மாதிரி செய்தால் 20 மில்லிமோலார் எண்ணும் நம்பத்தக்கதாக வரும். சுழற்சியை மூடுவதற்கு அசிட்டோநைட்ரைலும் சில்வர் நைட்ரேட்டும் வேண்டும். மெத்தியோனின் அந்தக் கரைப்பானில் கரையாது, வேறு சல்பைடு தேட வேண்டும். அதை மொட்டை மாடியில் செய்ய மாட்டேன், புகைப்போக்கிப் பெட்டி உள்ள ஆய்வகத்தில் இடம் கேட்டிருக்கிறேன்.

ஓட்டம் முடிந்த கரைசல் ஒவ்வொன்றையும் ஒரு 5 லிட்டர் கேனில் சேர்த்து வைத்திருந்தேன். போன வாரம் அதில் துத்தநாகத் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டேன், நுரைத்து அடங்கியதும் அடியில் கரும்பழுப்பு வண்டல். மிஞ்சின துத்தநாகத்தை அமிலத்தில் கரைத்து, வடிதாளில் நாலு தடவை கழுவி, காயவைத்துத் தாளோடு பத்தரிடம் கொண்டுபோனேன். மேலே நின்ற தண்ணீரைச் சுண்ணாம்பு போட்டு அமிலம் போக்கிய பிறகே கொட்டினேன். பத்தர் தாளை மூசையில் வைத்து எரித்து, வெண்காரம் தூவி, ஊதுகுழலால் ஊதினார். கறுப்புத் தூள் சிவந்து, சுருண்டு, சட்டென்று ஒரு பளபளக்கிற மணியாகத் திரண்டது. ஆறவிட்டு நிறுத்தார். 431 மில்லிகிராம்.

"அரை கிராம் குடுத்தேனே சார், மீதி எங்கிங்க?"

கொஞ்சம் வடிதாளில் போயிருக்கும், கொஞ்சம் ஓட்டை ரீஃபிலுக்குள் இருந்த ஆணியில். மீதி அந்த ஊதாப் படலமாக ஜாடியின் அடியில் இருக்கிறது. ஜாடியை இன்னும் ராஜதிராவகம் ஊற்றிக் கழுவவில்லை. வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் அடிப்பக்கம் நீலமாகத் தெரிகிறது, சாய்த்துப் பார்த்தால் தங்கமாக மின்னுகிறது. கல்லூரி திறந்ததும் பிள்ளைகளுக்கு அதைக் காட்டிவிட்டு அப்புறம் கழுவலாம் என்று வைத்திருக்கிறேன்.